மாத்திரையில் மருந்து சரியாகக் கலந்திருக்கிறதா?

டிஜாக்சின் என்று ஒரு மருந்து. இருதய நோயாளிகளுக்குக் கொடுப்பது. ஒரு மாத்திரைக்குக் கால் மில்லி கிராம் மருந்தே போதும். ஒரே ஒரு கிராமை வைத்துக்கொண்டு 4,000 மாத்திரை செய்துவிடலாம்!

இத்தனை சிறிய அளவைத் தனியாக விழுங்க முடியுமா? ஆகவே பால் சர்க்கரை, மாச்சத்து போன்ற தூள்களோடு கலந்து மாத்திரையாக அழுத்துகிறார்கள். மாத்திரையின் எடை 100 மில்லி கிராம் என்றால், அதில் மருந்து 400-ல் ஒரு பங்கு. மீதி எல்லாம் வெறும் மாவு.

கலவை சரியில்லை என்றால் ஒரு மாத்திரையில் மருந்து குறையும், நோய் கேட்காது. இன்னொன்றில் கூடும். டிஜாக்சின் அளவுக்கு மீறினால் வாந்தி வரும், நாடித் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து.

குருணை செய்யும் வேலை

நன்றாகக் கலக்கினால் போதாதா? போதாது!

அரிசி மூட்டை வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்தால் குருணை அடியில் இறங்கிவிடும். பெரிய மணிகளின் சந்துகளில் சிறிய மணிகள் நழுவி விழுகின்றன. முறத்தில் கொழிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மருந்துத் தூளிலும் இதே கதைதான். எந்திரத்தில் நன்றாகக் கலந்த தூள், வேறு பாத்திரத்தில் கொட்டும்போது மறுபடி பிரிந்துவிடும். அதிகநேரம் சுற்றினால் கலவை கெடுவதும் உண்டு.

அளப்பது எப்படி?

அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்பார்கள் அல்லவா? அதுபோல நீண்ட குழாயைத் தூளுக்குள் செருகி, மேல், நடு, அடி, ஓரம் என்று சிட்டிகை சிட்டிகையாக எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மருந்து எவ்வளவு என்று சோதிக்கிறார்கள். குழாயைச் செருகும்போதே தூள் கலைவது ஒரு சங்கடம். அதனால் இப்போது சில ஆலைகளில், எந்திரத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, சுற்றும்போதே அளக்கிறார்கள்.

எல்லா மாதிரியும் ஒரே அளவாக இருக்குமா? கறுப்பு மணியையும் வெள்ளை மணியையும் சரிபாதி கலந்து, கண்ணை மூடிக்கொண்டு 100 மணி எடுங்கள். எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் எப்போதும் 50 கறுப்பு வராது. ஒரு தடவை 46 வரும்; ஒரு தடவை 55 வரும். அது கலவையின் குற்றம் அல்ல. 30, 70 என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். லேசி என்ற அறிஞர் 1954-ல் எழுதிய கட்டுரையில் இதையும் கணக்கில் சேர்த்து ஓர் அளவுகோல் உண்டு. சற்றும் கலக்காத தூளுக்கு 0. இயன்ற மட்டும் கலந்த தூளுக்கு 1.

கடைசிச் சோதனை மாத்திரைக்கு. பல மாத்திரைகளை ஒன்றாகப் பொடித்து அளந்தால் சராசரிதான் தெரியும். ஒன்றில் இரண்டு பங்கு மருந்து, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்றாலும் சராசரி சரியாகவே வரும்! நோயாளி சராசரியையா விழுங்குகிறார்? ஆகவே 10 மாத்திரைகளைத் தனித்தனியே சோதிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மேலும் 20. அப்போதும் தேறாவிட்டால், அந்தத் தொகுதி மாத்திரைகளை விற்பனைக்கு அனுப்பக் கூடாது.