கழலை கற்பித்த கலை

ரோசாச் செடியிலும் முந்திரிகைக் கொடியிலும், தண்டு மண்ணோடு சேருமிடத்திற் சிற்சில வேளை கரடுமுரடான கழலையொன்று தோன்றும். தோட்டக்காரன் அதனை நோயென்று வெட்டி எறிவான். ஆராய்ந்தவர்களோ அதனுள்ளே ஒரு பெருந்தொழில் நடைபெறுதலைக் கண்டனர்.

இக்கழலைக்குக் காரணம் மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா என்பதை 1907இல் அமெரிக்காவில் ஸ்மித், ரவுன்சென்ட் என்னும் இருவர் நிறுவினர். அதற்கு இன்று வழங்கும் பெயர் அக்ரோபற்றீரியம். 1940களில் ஆமின் பிறவுன் என்பவர், பட்டிப்பூ எனப்படும் நித்தியகல்யாணிச் செடியைச் சூடேற்றிப் பற்றீரியாவை அழித்தார். அழித்த பின்னரும் கழலை வளர்ந்துகொண்டே இருந்தது. விருந்தாளி போய்விட்டான், வீடு மட்டும் அவன் சொற்படியே நடக்கிறது! அவன் விட்டுச் சென்றது யாது?

1974இல் பெல்ஜியத்தின் கென்ற் நகரில், ஷெல், வான் மொன்ரகு ஆகியோரின் குழுவினர், அப்பற்றீரியாவினுள் வளைய வடிவான ஒரு டி.என்.ஏ. இருத்தலையும், கழலை அதனாலேயே விளைதலையும் கண்டனர். அவ்வளையத்தைப் பிளாஸ்மிட் என்பர். பற்றீரியாவின் டி.என்.ஏ. செடியினுட் புகும் என்பதை மேரி-டெல் சில்ட்டன் என்னும் அமெரிக்கப் பெண்மணி முதலில் நம்பவில்லை. முந்தியோர் கூற்றைப் பிழையென்று காட்டவே ஆய்வு தொடங்கினார். 1977இல் அவருடைய குழுவே, பிளாஸ்மிட்டின் ஒரு துண்டு செடியின் கலத்தினுள் இருப்பதை மெய்ப்பித்தது. உரைகாரர் பூசல்களைப் படித்துப் பழகிய எனக்கு இந்நேர்மை வியப்பளித்தது.

அத்துண்டு செடியின் கலங்களை ஓயாது பெருகச் செய்யும்; ஒப்பைன் என்னும் உணவையும் ஆக்குவிக்கும். அவ்வுணவு பற்றீரியாவுக்கே பயன்படும். பிறர் அடுப்பிலே தனக்குச் சோறு பொங்குவிக்கும் சாமர்த்தியம் இது.

இதனையே ஆய்வுகூடத்தார் தம்வயமாக்கினர். அத்துண்டின் இரு முனைகளிலும் எல்லைக்கல் போன்ற குறிகள் உள. இடையேயுள்ள கழலைப் பரம்பரையலகுகளை நீக்கி, வேண்டிய பரம்பரையலகை அங்கே வைத்தால், பற்றீரியா வேறுபாடறியாது அதனையும் செடிக்குட் சேர்க்கும். இலையினின்று சிறு வட்டங்களை வெட்டிப் பற்றீரியாக் கரைசலிலே தோய்த்து, ஓரிரு நாள் விடுவர். பின்னர், பற்றீரியாவைக் கொல்லும் மருந்தும், புதிய அலகைப் பெறாத கலங்களை வளரவிடாத மருந்தும் கலந்த ஊடகத்துக்கு மாற்றுவர். பெற்ற கலங்கள் துளிர்த்து, வேர்விட்டு, முழுச் செடியாகும். 1983இல் அக்ரோபற்றீரியத்தின் வழியாற் புதிய அலகு பெற்றவற்றுள் ஒன்று, யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கும் பழக்கமான புகையிலை.

இதனை வகுப்பிலே கூறியபோது மாணவனொருவன் எழுந்து, “ஐயா, இது இயற்கைக்கு மாறான கலப்பு அல்லவா?” என்றான். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியனார் செய்யுளில் இடமளித்தமையைக் காட்டி அவன் வாயை அடைத்திருக்கலாம். ஆனாற் சொல் வேறு, பயிர் வேறு. ஆகவே வற்றாளங்கிழங்கின் கதையைச் சொன்னேன்.

அதே கென்ற் நகரத்துப் பல்கலைக்கழகத்தாரும், பேரு நாட்டு லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையத்தாரும் பிறரும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயிரிடப்படும் வற்றாளையின் 291 மாதிரிகளைச் சோதித்தபோது, அனைத்திலும் அக்ரோபற்றீரியத்தின் பரம்பரையலகுகள் இருந்தன. ஆய்வுகூடங்கள் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே மண்ணில் தானாக நிகழ்ந்த கலப்பு அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் உண்டுவரும் கிழங்கு அது.

இதனால் ஆய்வுகூடப் பயிரெல்லாம் நன்றென்று நான் துணியவில்லை. எந்த அலகு, எந்தப் பயிர் என்று ஒவ்வொன்றாக விசாரித்தல் வேண்டும். அன்றியும், வற்றாளைக் கொடியில் ஒரு துண்டை அயல் வீட்டாரிடம் கேட்டு வாங்கி நடலாம். ஆய்வுகூடப் பயிர்கள் பலவற்றுக்கோ ஆக்கவுரிமைப் பத்திரம் உண்டு. மாணவன் அடுத்து எழுப்பிய வினாவும் அப்பத்திரத்தைப் பற்றியதே. அது இன்னொரு வாரத்துக்குரியது.