ரெயிலர் இழுக்கும்போது கண்ணாடியில் தெரிய வேண்டியது

கோடை தொடங்கிவிட்டால் கோப்பன்ஹேகனில் எம்மவர் வீட்டு வாசல்களில் ரெயிலர் நிற்பது வழமையான காட்சி. ஒருவர் வீடு மாறுவார். இன்னொருவர் உடைந்த சோபாவை கொம்யூனின் மீள்பாவனைத் தளத்துக்குக் கொண்டுபோவார். தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரமும் கதிரைகளும் போகும். ஹேர்னிங் சித்தி விநாயகர் ஆலயத் திருவிழாக் காலத்தில் கடைச் சாமான்களுடன் யூட்லாந்து வரை ஓடுபவர்களும் இருக்கிறார்கள். நாமும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, நண்பர் ஒருவரின் ஹைலக்ஸ் பிக்கப்பில் இந்த வேலைகளைப் பல வருடங்களாகச் செய்து வருகிறோம்.

போன கோடையில் வால்பிப் பக்கச் சந்தியொன்றில் வலப்பக்கம் திரும்பினோம். பின்னால் வாடகைக்கு எடுத்த மூடிய ரெயிலர். பச்சை விளக்கு விழுந்தது, கண்ணாடியைப் பார்த்தோம், ரெயிலரின் வெள்ளைச் சுவர் தெரிந்தது, திருப்பினோம். பின் இருக்கையில் இருந்த மகள் “அப்பா, நில்லுங்கோ!” என்று கத்தினாள். நின்ற இடத்தில் இறங்கிப் பார்த்தால், ரெயிலரின் சில்லுக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே முன்பெட்டி வைத்த சைக்கிள் ஒன்று. பெட்டிக்குள் இரண்டு சிறு பிள்ளைகள். தாய் எம்மை ஏசவில்லை. ரெயிலர் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சில்லுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும். ஓட்டியது எங்களில் யார் என்பதை ‘நாம்’ என்ற சொல்லுக்குள் மறைத்துக்கொள்ள வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

அன்று நாம் இரண்டு பிழைகள் விட்டோம். ஒன்று, ரெயிலருக்குப் போதாத கண்ணாடியோடு றோட்டுக்கு இறங்கியது. மற்றது, பார்க்கக்கூடாத நேரத்தில் கண்ணாடியைப் பார்த்தது.

முதலாவதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். வாகனங்களின் கண்ணாடிகளுக்கு ஐ.நா.வின் 46ஆம் இலக்க ஒழுங்குவிதி ஒன்று உண்டு. பக்கக் கண்ணாடியில், சாரதியின் கண்ணிலிருந்து 20 மீற்றர் பின்னால் 4 மீற்றர் அகலமான தரையும், 4 மீற்றர் பின்னாலிருந்தே 1 மீற்றர் அகலமான தரையும் தெரிய வேண்டும் என்று அது சொல்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடி இதை நிறைவு செய்யும். ஆனால் அது தனி வாகனத்துக்கான கணக்கு. பின்னால் ஒரு சுவரைக் கட்டி இழுத்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

ஹைலக்ஸின் உடல் அகலம் 1.855 மீற்றர். நாம் இழுத்த ரெயிலர் 2.30 மீற்றர். சட்டம் அனுமதிக்கும் உச்ச அகலம் 2.55. ஆக, எங்கள் ரெயிலர் ஒவ்வொரு பக்கமும் பிக்கப்பைவிட ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர் வெளியே நிற்கிறது. அளவுநாடா பிடித்துப் பார்த்தோம். கண்ணாடியின் நடு, உடலிலிருந்து 12 சென்ரிமீற்றர்தான் வெளியே இருந்தது. அதாவது ரெயிலர் சுவரைவிட 10 சென்ரிமீற்றர் உள்ளே. ரெயிலரின் முன்மூலை கண்ணாடிக்கு 5 மீற்றர் பின்னால். அந்த மூலையை உரசிக்கொண்டு போகும் பார்வைக்கோடு 5 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் வீதம் வெளியே விலகுகிறது. 20 மீற்றரில் 40, 40 மீற்றரில் 80. சுவர் இருக்கும் 10ஐக் கழித்தால், ரெயிலரை ஒட்டிய நேர்கோட்டில் 20 மீற்றரில் 30 சென்ரிமீற்றரும் 40 மீற்றரில் 70 சென்ரிமீற்றரும் எங்கள் கண்ணுக்கு இல்லை. ஒரு சைக்கிளின் கைபிடி அகலமே 60 சென்ரிமீற்றர் அளவில்தான். 10 சென்ரிமீற்றர் குறைவு என்பது கணக்குப் புத்தகத்தில் தள்ளிவிடக்கூடிய தொகையல்ல என்பது அன்றுதான் உறைத்தது.

பாரவண்டிகளுக்கு இதை ஐரோப்பா எப்போதோ கவனித்துவிட்டது. 2007ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரையின்படி, ஓடிக்கொண்டிருந்த 3.5 தொன்னுக்கு மேற்பட்ட பெரும்பாலான லொறிகள் 2009 மார்ச் 31க்குள் மேலதிகக் கண்ணாடிகள் பூட்ட வேண்டியிருந்தது. பிக்கப் அந்த எல்லைக்குள் வராது. ஆனால் 5 மீற்றரைத் தாண்டிய பிக்கப்பும் அதே நீள ரெயிலரும் சேர்ந்தால் 10 மீற்றர். சைக்கிளில் வருபவருக்கு அது லொறிதான்.

இதற்கு மருந்து, பக்கக் கண்ணாடியின் மேல் பட்டியால் இறுக்கிக் கட்டும் நீட்டுக் கண்ணாடி. டெனிஷ் கடைகளில் காம்பிங்ஸ்பைல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சோடியாக வாங்குங்கள். சாரதிப் பக்கம் ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். உண்மையில் இங்கே ஆபத்து இருப்பது மற்றப் பக்கத்தில். ஊரில் வாகனம் ஓடப் பழகியவர்களுக்கு நடைபாதையும் சைக்கிளும் இடப்பக்கம். கை வலப்பக்கம் திருப்பினாலும் தலை பழக்கத்தில் இடப்பக்கம் போகும். கோப்பன்ஹேகனில் சைக்கிள் பாதை எமக்கு வலப்பக்கம், சாரதிக்குத் தூரமான கண்ணாடியில்.

தட்டைக் கண்ணாடி தூரத்தை உள்ளபடி காட்டும், ஆனால் ஒடுங்கிய பரப்பைத்தான் காட்டும். குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும், ஆனால் பின்னால் வருவது உண்மையைவிடத் தூரத்தில் வருவதுபோல் இருக்கும். நாம் சாரதிப் பக்கம் தட்டையும் சைக்கிள் பக்கம் குவிந்ததும் பூட்டியிருக்கிறோம். சைக்கிள் எவ்வளவு தூரத்தில் என்பதைவிட, சைக்கிள் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

பூட்டிவிட்டால் முடிந்தது என்று எண்ணக்கூடாது. சாமானை ஏற்றிய பிறகே கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும். பாரம் ஏறியதும் பிக்கப்பின் பின்புறம் பதிந்து மூக்கு உயரும். வெறுமையாக நின்றபோது தூரத்தைக் காட்டிய கண்ணாடி இப்போது கிட்டத்துத் தரையைக் காட்டும். வாகனத்தையும் ரெயிலரையும் ஒரே நேராக நிறுத்தி, ஓட்டும் இருக்கையில் வழமைபோல் சாய்ந்து இருந்துகொண்டு, உள்விளிம்பில் ரெயிலர் சுவர் ஒரு கீற்று மட்டும் தெரியும்படி வையுங்கள். சுவர் பாதிக் கண்ணாடியை அடைத்தால் அது வீண். அடிவானம் நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். வேறு ஆள் ஓட்ட ஏறினால் மறுபடியும் முதலிலிருந்து. பிறகு ஒருவர் ரெயிலரின் பின்மூலையிலிருந்து பக்கவாட்டில் மெல்ல நடந்து வரட்டும். அவர் எங்கே மறைகிறார் என்று இருக்கையிலிருந்து சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. குளிர்காலத்தில் இன்னொன்று: பிக்கப்பின் சொந்தக் கண்ணாடி சூடேறிப் பனியை உருக்கும், மேலே கட்டிய கண்ணாடிக்கு அந்த வசதி இல்லை. துணியொன்று கையில் இருக்கட்டும்.

சிறிய திறந்த ரெயிலரில் தொல்லை நேர்மாறானது. அது பிக்கப்பைவிட ஒடுக்கம், தாழ்வு. வெறுமையாக இழுத்தால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. பின்னால் எடுக்கும்போது அது மடங்கிப் பக்கத்தில் தலைகாட்டும் நேரம் திருத்துவதற்கான நேரம் கடந்திருக்கும். பின்மூலைகள் இரண்டிலும் ஆளுயரத் தடியொன்றைக் கட்டி, நுனியில் சிவப்புத் துணி முடிந்துவிடுங்கள். ஊரில் லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஒரு பொடியன் இருந்து “வரட்டும், வரட்டும், நில்!” என்று சொல்வான். இங்கே ரெயிலரில் ஆள் ஏற முடியாது. ஆகவே தடி. பின்கமரா இருந்தால் நல்லதுதான், ஆனால் பிக்கப்பின் கமராவுக்கு ரெயிலரின் முன்சுவர் மட்டுமே தெரியும். ரெயிலரின் பின்னால் தனியாகப் பூட்ட வேண்டும்.

கணக்காளர் என்ற முறையில் இரண்டு வார்த்தை. சாதாரண பி அனுமதிப்பத்திரத்தில் 750 கிலோ வரையான ரெயிலர் இழுக்கலாம். அதற்கு மேலென்றால் வாகனமும் ரெயிலரும் சேர்ந்து 3500 கிலோவைத் தாண்டக்கூடாது. பார்க்க வேண்டியது நீங்கள் ஏற்றிய பாரத்தை அல்ல, பதிவுப் பத்திரத்தில் உள்ள அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை. பிக்கப் ஒன்றே 3 தொன்னைத் தாண்டிவிடுவதால் பெரிய ரெயிலருக்கு இடமே இல்லை. 4250 கிலோ வரை பி பிளஸ், அதற்கு மேல் பிஇ. எங்களுடைய நண்பரிடம் பிஇ இருக்கிறது, எல்லோரிடமும் இல்லை. மஞ்சள் இலக்கத்தகடு போட்ட வியாபாரப் பிக்கப்பில், தனிப்பட்ட பாவனைக்கான வரி கட்டாமல், மச்சானின் வீடு மாற்றப் போகாதீர்கள். அதற்கென நாட்பத்திரம் வாங்கலாம், வருடத்துக்கு 20 நாள். இந்த விடயத்தில் தண்டம் கட்டியவர்களின் கடிதங்கள் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன.

யூட்லாந்துக்குப் போகிறவர்களுக்கு ஸ்ரோபெல்ட் பாலம் ஒரு சோதனை. தூண்களுக்கு இடையே 1624 மீற்றர் தொங்கும் இடத்தில் பக்கக் காற்று ரெயிலரைத் தள்ளும். அந்த ஆட்டத்தை முதலில் காட்டுவது கண்ணாடியின் உள்விளிம்பில் விட்ட அந்தக் கீற்றுத்தான். கீற்று அகலமாவதும் ஒடுங்குவதுமாக இருந்தால் ரெயிலர் வாலாட்டுகிறது என்று அர்த்தம். வேகத்தை மெல்லக் குறையுங்கள். தெம்போ 100 அனுமதி இல்லாத ரெயிலருக்கு நெடுஞ்சாலையிலும் 80தான் எல்லை. ஓட்டத்தில் கண்ணாடிப் பட்டி தளரும். பாலத்துக்கு முன்னால் ஒருமுறை நிறுத்தி இறுக்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டாவது பிழை. கண்ணாடி எவ்வளவு நீளமாக இருந்தாலும், வாகனமும் ரெயிலரும் நேராக இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். வலப்பக்கம் திரும்பத் தொடங்கியதும் வலக் கண்ணாடி முழுக்க ரெயிலர் சுவர் நிறைந்துவிடும். சைக்கிள் அதற்குப் பின்னால். அதே நேரம் ரெயிலரின் சில்லு பிக்கப் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு விளிம்பை நோக்கி வரும். எதுவும் தெரியாத பக்கத்தில்தான் இடமும் ஒடுங்குகிறது. நேரே போகும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டியது திரும்பும் சாரதி. அதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆகவே இப்போது எங்கள் வழக்கம் இது. சந்திக்கு 50 மீற்றர் முன்னாலேயே சமிக்ஞை போட்டு, வாகனம் நேராக இருக்கும்போதே வலக் கண்ணாடியைப் பார்த்து, கண்ட சைக்கிள்களை எண்ணுகிறோம். மூன்று கண்டால், மூன்றும் எங்களைக் கடந்து போகும்வரை திருப்புவதில்லை. கடைசியாகத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை, பிறகு நடை வேகத்தில் திருப்பம். மூன்றாவது ஆள் காணாமல் போனால், அவர் எங்கோ மறைந்து நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கிறோம். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். பக்கத்து இருக்கையில் மகள் இருந்தால் எண்ணிக்கை அவளுடைய பொறுப்பு. “இரண்டு போட்டுது அப்பா, இன்னும் ஒண்டு” என்பாள்.

ரெயிலரைக் கழற்றியதும் நீட்டுக் கண்ணாடிகளையும் கழற்றிவிடுங்கள். நிறுத்தியிருக்கும் பிக்கப்பிலிருந்து அவை சைக்கிளில் வருபவரின் தோளுயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.