உங்களுக்குத் தெரியுமா? காகிதத் தடமும் நிரைப் பாதையும்

காட்டுக்குள் காகிதத் துண்டுகளைத் தூவியபடி ஒருவர் முன்னே ஓட, அத்தடத்தைத் தேடி மற்றவர் பின்தொடரும் ‘ஹேஷ்’ ஓட்டம் 1938-இல் கோலாலம்பூரில் தோன்றியது. முன்னோடுபவர் ‘முயல்’ எனப்படுவார். துரத்துவோரை அலைக்கழிக்கப் பொய்த்தடங்கள் இடுவதும் அவர் வேலையே. தொடங்கியவர்களுள் ஒருவரான கிஸ்பர்ட் 1942-இல் சிங்கப்பூர்ப் போரில் மாண்டாரெனினும், ஓட்டம் பேராக் மாநிலத்து ஈப்போ உட்பட உலகெங்கும் பரவிற்று.

பேராக்கின் குன்றுப்புறங்களில் இத்தகைய ஓட்டத்திற்கு வாய்த்தவை பழைய ரப்பர்த் தோட்டத்து மண்பாதைகள். பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்கென ஒதுக்கப்பட்ட மரத்தொகுதியாகிய ‘நிரை’யை நோக்கி, விடியுமுன் தலைவிளக்கும் வாளியுமாக நடந்த தமிழரின் காலடிகளில் தேய்ந்தவை அவை.

அத்தோட்டக் காலத்தின் மற்றொரு தடமாக, பேராக்கின் பத்து காஜா அருகே, வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட முதலாளி 1926-இல் லிஸ்பனில் இறந்தமையால் முற்றுப்பெறாது நின்றுவிட்ட கெல்லி மாளிகையைப் பலரும் அறிவர். ஆயினும், கட்டுமானத் தொழிலாளர் பலர் கொள்ளைக் காய்ச்சலில் மாண்டபின் எழுந்ததாகக் கூறப்படும் அருகிலுள்ள மாரியம்மன் கோயிலே நின்று பார்க்கத்தக்கது: அதன் மேற்றளத்தில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டும் தொப்பியும் அணிந்த துரை ஒருவர் நிற்கிறார், அவர் கெல்லியே என்பர்.