ஞாயிற்றை ஒளிப்படமெடுத்தல்

காலைதோறும் ஞாயிற்றை வணங்குதல் நம்மவர் மரபு. வணக்கத்துக்குரிய அவ்வொளியுருவை அளந்தறிதற்குரிய பொருளாகவும் கொண்டனர் வானியலார். 1845ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் பாரிசு நகரிலே பிசோ, பூக்கோ என்னும் அறிஞர் இருவர் வெள்ளி பூசிய தகட்டிலே ஞாயிற்றின் உருவைப் பதித்தனர். ஒளி பட்ட நேரம் ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்கே. அன்று பேரறிஞர்க்கே இயன்ற இச்செயல் இன்று சிறு தொலைகாட்டியுடைய மாணவர்க்கும் எளிது. ஆயின், காப்பு விதிகளை அறிந்தார்க்கே எளிது.

பட்டப்பகலிற் கண்மணி ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகச் சுருங்கும். 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொருள்வில்லையோ அதனைப்போல் 1600 மடங்கு ஒளியைத் திரட்டும். விழித்திரையில் நோவுணர்த்தும் நரம்பு இன்மையால், கண் கெடுவதை அக்கணத்தில் அறிதலும் இயலாது. ஆதலின், ஒளியை ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பதும், செந்நிறக்கீழ்க் கதிர்களையும் ஊதாக்கடந்த கதிர்களையும் தடுப்பதுமாகிய ஞாயிற்று வடிகட்டியைத் தொலைகாட்டியின் முன்வாயிலே இறுகப் பொருத்தல் வேண்டும். பார்வைத்துண்டிற் பொருத்துவன குவிந்த வெப்பத்தால் வெடிக்கக்கூடும், அவை ஆகா. புகை படிந்த கண்ணாடியும் ஆகாது. வடிகட்டியிலே கீறலோ துளையோ உண்டாவென ஒவ்வொரு முறையும் நோக்குக. துணையாயமைந்த சிறு தொலைகாட்டியையும் மூடிவிடுக. குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்வரை அதனைத் திருப்பின், ஞாயிறு தானே பார்வைக்குள் வரும்.

கமராவைப் பார்வைத்துண்டின் இடத்திற் பொருத்தினால், குவியத்தூரத்தின் ஏறத்தாழ 109இல் ஒரு பங்கு விட்டமுள்ள விம்பம் விழும். குவியத்தூரம் 1000 மில்லிமீற்றராயின் விம்பம் 9 மில்லிமீற்றர். விளிம்போ கரும்பொட்டோ கூர்மையாகத் தோன்றும்வரை குவியத்தைத் திருத்துக. வெயிலேறத் தரை சூடாகி வளி அலைதலால், காலைப்பொழுதே ஏற்றது. மிகக் குறுகிய நேரம் ஒளிபடவிட்டுப் பல படங்கள் எடுத்து, அவற்றுட் சிறந்ததைத் தெரிதல் நன்று.

இனி, படம் உணர்த்துவன யாவை? நடுவினும் விளிம்பு மங்கித் தோன்றும். விளிம்பிலிருந்து வரும் ஒளி, குளிர்ந்த மேற்படைகளினின்று வருதலே காரணம். கரும்பொட்டுகள் ஒளியற்றனவல்ல, சூழவுள்ள பரப்பினும் வெப்பம் குறைந்தமையாற் கறுத்துத் தோன்றுவன. ஞாயிற்றின் விட்டம் 109 மில்லிமீற்றராகுமாறு படத்தைப் பெருக்கினால், நம் பூமி அதில் 1 மில்லிமீற்றர்ப் புள்ளியே. அப்புள்ளியினும் பெரிய பொட்டுகள் பல காணப்படும். நாடோறும் ஒரே வேளையிற் படமெடுத்து ஒப்பிட்டால், பொட்டுகள் ஒரு பக்கமாக நகர்தல் புலனாகும். ஞாயிறு தன்னச்சிற் சுழல்வதற்கு இதுவே சான்று. பூமியிலிருந்து நோக்குவார்க்கு அச்சுழற்சி நடுக்கோட்டயலில் ஏறத்தாழ 27 நாளில் நிறைவுறும்.

2019ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே கங்கண கிரகணம் தோன்றிற்று. அத்தகைய கிரகணத்தில் ஞாயிறு முற்றும் மறைவதில்லை. எனவே, வளையம் தோன்றும் வேளையிலும் வடிகட்டியை நீக்கலாகாது. படம் பிழைப்பின் மறுநாள் எடுக்கலாம்; இழந்த கண்ணொளியை மீளப்பெறல் அரிது. மாணவர் கையிற் கமராவைக் கொடுக்குமுன் ஆசிரியர் வடிகட்டியைச் சோதித்தல் கடனாம்.