இரத்தத்தில் திரியும் யுபிக்விடின்

கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து 1975ஆம் ஆண்டில் கிடியன் கோல்ட்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் பிரித்தெடுத்த யுபிக்விடின் என்னும் சிறு புரதம், வெள்ளணுக்களைப் பக்குவப்படுத்தும் ஒருவகைச் சமிக்ஞை என்றே ஆதியில் கருதப்பட்டது; அந்தக் கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை. பிற்பாடு இஸ்ரேலைச் சேர்ந்த அவ்ரம் ஹெர்ஷ்கோ, ஆரன் சீக்கனோவர், அமெரிக்கரான இர்வின் ரோஸ் ஆகிய மூவரும், முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்தெடுத்த சாற்றைக்கொண்டு தொடங்கிய பரிசோதனைகளின் பயனாக, வெட்டவேண்டிய மரத்துக்கு வனக்காவலர் குறியிடுவதுபோல, அழிக்கவேண்டிய புரதங்களின்மேல் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அவற்றைப் புரோட்டியசோம் என்னும் சிதைப்புயந்திரத்துக்கு அனுப்புவதே இதன் பிரதான உத்தியோகம் என்பது புலனாயிற்று. 2004இல் அம்மூவருக்கும் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் புகழின் பிரகாசத்தில், உயிரணுவுக்கு வெளியே, இரத்த ஓட்டத்தில் திரியும் யுபிக்விடினை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். திடகாத்திரமான மனிதனின் இரத்தத்திலும் அது உண்டு. ஆனால் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான். தீக்காயம், பலத்த அடி, இரத்தத்தில் கிருமி பரவிய நிலை, டயாலிசிஸ் செய்துகொள்ளுமளவு பழுதுபட்ட சிறுநீரகம் ஆகியவற்றில் அந்த அளவு உயர்கிறது. உயிரணுக்கள் சிதையும்போது உள்ளிருந்தது வெளியே கொட்டுவது ஒரு காரணம். கொட்டியதை வடிகட்டவேண்டிய சிறுநீரகம் ஓய்ந்துபோவது மற்றொன்று.

இவ்வளவுதானா, வெறும் சிதைவின் சின்னந்தானா என்றால், அதற்குமேலும் உண்டு என்கின்றன பிற்கால ஆராய்ச்சிகள். கிருமி நஞ்சால் தூண்டப்பட்ட இரத்த அணுக்களோடு யுபிக்விடினைச் சேர்த்தபோது, அழற்சியை மூட்டும் டிஎன்எஃப் என்னும் பொருளின் சுரப்பு தணிந்தது. 2010இல் அது சிஎக்ஸ்சிஆர்4 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு உயிரணுவுக்குச் செய்தி சொல்கிறது என்பதும் தெரியவந்தது. எய்ட்ஸ் கிருமியின் சில வகைகள் உள்ளே நுழைவதும் இதே வாசல்வழியாகத்தான்! ஆகவே, விபத்துக்குப்பின் இரத்தத்தில் பெருகும் யுபிக்விடின், சரீரம் தன் கோபத்தைத் தானே அடக்கிக்கொள்ளச் செய்யும் உபாயமாகவும் இருக்கலாம் என்று கொள்ள இடமிருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆயினும் வைத்தியர் இதை நம்பி நோய் நிர்ணயம் செய்ய இயலாது. இத்தனை வியாதிகளிலும் ஒருசேர உயர்வது எந்த வியாதியையும் தனித்துக் காட்டிக்கொடுக்காது என்பது ஒருபுறமிருக்க, சிவப்பணுக்களிலும் இப்புரதம் நிறைந்திருப்பதால், ஊசியில் அவசரமாக இழுத்த இரத்தத்தில் அவை சிறிது உடைந்து, குழாயில் தெளிந்த வைக்கோல் நிறமாய் நிற்கவேண்டிய சீரம் ரோஜா நிறம் கொண்டுவிட்டால், அளவு முழுவதும் பிசகிப்போகும். யுபிக்விடினுக்குக் கிட்டாத இந்த நோய் நிர்ணய ஸ்தானம், அதனோடு தொடர்புடையதும் மூளை நரம்பணுக்களில் மிகுந்திருப்பதுமான யுசிஎச்-எல்1 என்னும் நொதிக்குக் கிட்டியிருக்கிறது: தலையில் அடிபட்டவருக்கு ஸ்கேன் அவசியமா என்று தீர்மானிக்க, ஜிஎஃப்ஏபி என்னும் மற்றொரு புரதத்தோடு சேர்த்து இதை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனையை அமெரிக்க அரசு 2018இல் அனுமதித்தது.