இராக்காவல்: களவு போனால் யார் பொறுப்பு?

மாதம் பிறந்த முதல் வாரத்தில் நமது கடைவீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். இரவில் விசில் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றும் காவல்காரர் பகலில் வந்து கடை வாசலில் நிற்பார். கல்லாவிலிருந்து ஐம்பதோ நூறோ எடுத்துக் கொடுத்து அனுப்புவோம். அவர் எங்கே தங்கியிருக்கிறார், எத்தனை தெருவுக்கு அவர் ஒருவர், நள்ளிரவில் ஒரு கடையின் பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்த்தால் முதலில் யாருக்குச் சொல்வார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. கொடுப்பது காவல் கூலியா, தருமமா என்பதே தெளிவில்லை.

மதுரைச் சீமையில் காவல் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் கறாரான பொருள் இருந்தது. ஊருக்கு ஊர் காவல்காரர் உண்டு. மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பெரும்பாலும் கள்ளர் சமூகத்தார் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தனர். கிராமத்தில் அறுவடைக் களத்திலேயே தானியப் பங்கு. டவுனில் காசாகக் கூலி. காவலுக்கு உட்பட்ட இடத்தில் களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இந்த ஈடு கட்டும் பொறுப்புதான் அந்த ஏற்பாட்டின் உயிர். கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமற் போவதும், துப்புக்கூலி கொடுத்ததும் அதே மாடு திரும்பி வருவதும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1859-இல் சென்னை மாகாணத்துக்கெனப் போலீஸ் சட்டம் வந்தது. ஆனாலும் பழைய காவல் உடனே மறையவில்லை. 1896-இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் கூடி, இனிக் கள்ளர் காவல் வேண்டாம் என்று முடிவெடுத்தனர். மாடு பறிகொடுத்தவருக்கு ஈடு கொடுக்கப் பொது நிதி திரட்டினர். ஊருக்கு ஒரு கொம்பு வைத்து, அதை ஊதினால் கேட்டவர் எல்லோரும் திரண்டு வர வேண்டும் என்று விதி செய்தனர். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அது ஒரு சமூகத்துக்கு எதிரான இயக்கமாக மாறி, வீடுகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போனது. பிறகு வெள்ளைக்கார அரசு 1911-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு ஒரு சமூகத்தையே பிறப்பினால் குற்றவாளிகள் என்று பதிவு செய்து, ரேகை எடுத்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

வணிகர்களும் அக்காலத்தில் சும்மா இருக்கவில்லை. திருமங்கலம், விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தனர். சரக்கு வண்டிகளும் மாடுகளும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கான மதில் சூழ்ந்த இடம் அது. செலவுக்கு மகமை. விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று எல்லோரும் கொடுத்தனர். உறவின்முறையார் கணக்கு வைத்தனர். இன்று நம்மிடம் மகமை என்ற சொல் இருக்கிறது, சங்கமும் இருக்கிறது. காவலை மட்டும் விசிலுக்கு விட்டுவிட்டோம்.

பழைய முறையை அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. களவு போன சரக்குக்குக் காவல்காரரே ஈடு கட்ட வேண்டும் என்று இன்று யாரும் கேட்க முடியாது. ஆனால் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே பேசி வைப்பது இன்றும் செய்யக்கூடியதே. ஒரு தெருவில் நாற்பது கடை இருந்தால், தனித்தனியாக ஐம்பது ரூபாய் கொடுப்பதை நிறுத்தி, ஒரே கணக்கில் சேர்த்து, சங்கத்தின் பெயரில் சம்பளமாகக் கொடுக்கலாம். காவல்காரரின் ஆதார் நகலும் புகைப்படமும் சங்கத்திடமும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் இருக்கட்டும். கடைக்காரர்கள் அனைவரின் போன் எண்களும் ஒரு அட்டையில் எழுதப்பட்டு அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். இரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் பேசிவிட வேண்டும். அயர்ந்து தூங்கும் நேரம் அதுதான். ஆபத்தென்றால் 112 அல்லது 100.

காமிரா இருக்கிறதே என்பார்கள். காமிரா களவைத் தடுப்பதைவிட, களவு நடந்த விதத்தைக் காட்டுவதற்கே அதிகம் உதவுகிறது. அதுவும் படம் பதிவாகும் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால், வந்தவன் பணத்தோடு அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பெட்டி வேறு அறையில், பூட்டிய அலமாரிக்குள் இருக்க வேண்டும். அதில் காட்டும் தேதியும் மணியும் சரிதானா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். காமிரா முன் விளக்கு எரியாவிட்டால் பதிவாவது வெறும் இருட்டு.

ஷட்டருக்கு இரு பக்கப் பூட்டு மட்டும் போதாது. கடப்பாரையை நடுவில் கொடுத்து நெம்பினால் தகடு வளைந்து ஆள் நுழையும் இடைவெளி கிடைத்துவிடும். நடுப்பூட்டு அவசியம். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் ஓட்டுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் கொண்ட பழைய கிட்டங்கிகள் இன்னும் உண்டு. முன்கதவுக்கு ஆயிரம் ரூபாய்ப் பூட்டுப் போட்டவர் கூரையை அண்ணாந்து பார்த்திருக்கமாட்டார். புகைபோக்கி விசிறி பொருத்திய ஓட்டைக்கும் கம்பி வேண்டும். கல்லாவை இரவில் காலி செய்துவிட்டு இழுப்பறையைத் திறந்தே வைப்பது பெரியவர்கள் செய்த நல்ல பழக்கம். பெட்டியை உடைக்கும் சேதமாவது மிஞ்சும்.

இனி இன்சூரன்ஸ். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். களவுக் காப்பீடு என்று நாம் எடுப்பது பொதுவாக பூட்டை உடைத்தோ, சுவரைத் துளைத்தோ, பலவந்தமாக நுழைந்து எடுத்த களவுக்குத்தான். வியாபார நேரத்தில் ஒருவர் ஒரு டின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போனால் அதில் வராது. சாவி போட்டுத் திறந்து எடுத்திருந்தால் தகராறுதான். கடைச் சிப்பந்தி செய்யும் மோசடிக்குத் தனிப் பாலிசி வேண்டும். வங்கிக்குப் பணம் கொண்டுபோகும் வழியில் பறிபோவதற்கும் தனியாக எடுக்க வேண்டும். இரவில் இரும்புப் பெட்டிக்கு வெளியே கல்லாவில் விட்ட ரொக்கத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. பாலிசியின் பின்பக்க நிபந்தனைகளை ஏஜெண்டைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் கேளுங்கள்.

பிரிமியத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதும் நஷ்டத்தில் முடியும். பத்து லட்ச ரூபாய் சரக்கு உள்ள கடைக்கு ஐந்து லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்தவரிடம் இரண்டு லட்சம் களவு போனால், சராசரி விதி உள்ள பாலிசியில் கிடைப்பது ஒரு லட்சம்தான். பாதிக்குத்தானே பிரிமியம் கட்டினீர்கள் என்பது கம்பெனியின் வாதம். அடுத்த கேள்வி, அன்றைக்கு அவ்வளவு சரக்கு இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்பது. கொள்முதல் பில், விற்பனைக் கணக்கு, ஸ்டாக் புத்தகம் ஆகியவற்றின் நகல் கடையில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டிலும் இருக்க வேண்டும்.

களவு நடந்தது தெரிந்ததும் எதையும் தொடாமல், கூட்டம் சேர விடாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்கும். அது இல்லாமல் இன்சூரன்சும் நகராது. இங்கே ஒரு புதிய விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு 303-ஆவது பிரிவு. திருடிய பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவானால், மாஜிஸ்திரேட் அனுமதியின்றிப் போலீசார் நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத வகையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. மளிகைக் கடையில் போவது பெரும்பாலும் ஐயாயிரத்துக்கு உட்பட்டதுதானே என்று பயப்பட வேண்டாம். பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டு தனிக் குற்றம்; 305-ஆவது பிரிவு; ஏழு ஆண்டு வரை தண்டனை. வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினால் 306. ஆகவே புகாரில் "பொருள் காணவில்லை" என்று மொட்டையாக எழுதாமல், கடைக்குள்ளிருந்து, கிட்டங்கிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது என்று இடத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

பகல் களவு இப்போது போன் வழியாகவும் வருகிறது. கடை முன் ஒட்டிய க்யூஆர் அட்டையின்மேல் வேறொருவன் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகலாம். காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் போனில் காட்டும் பச்சை டிக்கை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் வந்ததா என்பதே கேள்வி. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் பேச வேண்டும். நேரம் ஆக ஆகப் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும்.

வேலையாட்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. வெளியூர், வெளிமாநில ஆட்கள் இன்று நம் கிட்டங்கிகளில் மூட்டை தூக்குகிறார்கள். ஒரு பொருள் காணவில்லை என்றால் முதல் பார்வை அவர்கள்மேல் விழுவதைப் பார்க்கிறோம். பெருங்காமநல்லூர் நடந்த மண்ணில் வியாபாரம் செய்யும் நாம் இதை யோசிக்க வேண்டும். வேலைக்கு வரும் எல்லோரிடமும், உள்ளூர் உறவுக்காரப் பையன் உட்பட, முகவரிச் சான்று வாங்குங்கள். யாரிடம் எந்தச் சாவி என்று எழுதி வையுங்கள். வேலையை விட்டுப் போனால் பூட்டை மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் புகார் கொடுங்கள். கடைக்குள் கட்டி வைத்து விசாரிப்பது நம்மையே குற்றவாளியாக்கிவிடும்.

தெருக்காவல் சம்பளத்தைப் பேசும்போது விசேஷ நாட்களையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். தீபாவளிக்கு முன்தின இரவு கல்லா நிறைந்திருக்கும், முதலாளி களைத்திருப்பார். பொங்கலுக்கும் பங்குனிக்கும் பலர் சொந்த ஊர் போய்விடுவர். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் இரவு சிப்பந்திகள் எல்லோரும் வைகைக் கரையில் இருப்பார்கள். காவல்காரருக்கும் சாமி பார்க்க ஆசை இருக்கும். அன்றைக்கு இரண்டு ஆள் போட்டு, ஆளுக்குப் பாதி இரவு என்று முறை வைத்து, அதற்கான கூடுதல் கூலியைச் சித்திரை பிறக்கும் முன்பே வசூலித்துவிடுவது நல்லது.