பருப்பு வேகுமா, பாருங்கள்!

மனை வாங்கி, மேஸ்திரி பின்னால் அலைய வேண்டாமே என்று ஆம்பூரில் கட்டின வீடாகவே தேடினோம். ஒரு வீடு என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நல்ல காற்றோட்டம், விலையும் குறைச்சல். அட்வான்ஸ் கொடுக்க நாள்கூடப் பார்த்தாச்சு.

"கொஞ்சம் பொறுங்க" என்று அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்தேன். துவரம்பருப்பு ஒரு மணி நேரமாகியும் வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. விலை ஏன் குறைச்சல் என்று புரிந்தது!

நம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டதை 1996-லேயே சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. பருப்பு உப்புத் தண்ணீரைத்தான் காட்டிக்கொடுக்கும், குரோமியத்தைக் காட்டாது. கொதிக்க வைத்தாலும் இரண்டும் போகாது. ஆகவே, பிடித்த வீடானாலும் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 2000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவரின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். உப்பு பூத்ததைப் புது வெள்ளையடித்து மறைத்திருப்பார்கள்.

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்ப்பார். தண்ணீரை நாம்தான் பார்க்கணும். குழந்தைக்குப் பால் கரைக்கப் போவது நாம்தானே!

இப்போது வேறொரு சின்ன வீட்டில் இருக்கிறோம். முற்றம் இல்லை, ஆனால் பருப்பு வேகிறது.